எட்டுத் தொட்டில், எட்டுத் தகடு

தகடுகள் காலை ஒன்பது மணிக்கு வந்தன. விழா பத்து மணிக்கு. பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு மணி நேர அவசரத்தின்மேல் பழியைப் போட்டுவிட நான் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். முடியவில்லை. அவசரம் எல்லோருக்கும் இருந்தது, தகடுகளை ஒட்டிய கை மட்டும் என்னுடையது.

ஆஸ்பத்திரியில் என் வேலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது. எல்லோருக்கும் நான் மெக்கானிக். ஓர் இயந்திரத்தைப் பிரித்துச் சரிசெய்து, ஓட்டிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதில் ஒரு பச்சைச் சீட்டு கட்டுவேன். பச்சைச் சீட்டு இல்லாததை நோயாளி பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. சீட்டு கட்டிய பிறகு யாராவது ஒரு திருகாணியைத் தொட்டால்கூட, சீட்டைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். இதை மீறிய ஒரு பெரிய டாக்டரையே வராந்தாவில் நிற்கவைத்துக் கத்தியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

விழா மூன்றாம் மாடியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில். அங்கே எட்டுக் கண்ணாடித் தொட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிள்ளை. மாதம் முடியாமல் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு, திடீரென்று மூச்சு விட மறந்துவிடும். நோய் என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் மறதி. உடனே பார்த்து உள்ளங்காலை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், ஞாபகம் வந்துவிடும். பார்க்காமல் விட்டால் அவ்வளவுதான்.

அதற்கு முந்தின மாதம் வரை எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டே மானிட்டர்கள். அவையும் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தியவை. ரொம்ப மோசமாக இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு மாட்டுவார்கள். மற்ற ஆறு பிள்ளைகளின் வயிற்றை நர்ஸ்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அந்தக் கிழட்டு மானிட்டர்கள் பிள்ளை கொட்டாவி விட்டாலும் கத்தும், கத்த வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கும். எத்தனை தடவை பிரித்துப் பூட்டினாலும் அதன் புத்தி அதுதான்.

புதிய மானிட்டர்களைக் கொடுத்தது ஒரு சலவைக்கடைக்கார அம்மா. எங்கள் ஆஸ்பத்திரி விரிப்புகள் பதினேழு வருடமாக அவர் கடைக்குத்தான் போகின்றன. ஒருநாள் சூப்பரின்டெண்டென்ட் அறைக்குள் போய், இருந்த இரண்டு கடையில் ஒன்றை விற்றுவிட்டேன், குறைமாத வார்டில் ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு மானிட்டர் வேண்டும், எட்டும் நல்லதாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எட்டும் வந்து இறங்கிய அன்று எனக்குப் புது மாப்பிள்ளைக் களை. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓட்டி, கத்த வைத்து, பச்சைச் சீட்டு கட்டினேன். பிள்ளையின் காலில் ஒரு சின்னப் பட்டை, அதில் சிவப்பு விளக்கு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் திரை சிவக்கும், மானிட்டர் ஒரு கத்துக் கத்தும், வார்டின் கோடியில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார். நர்ஸ்கள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள். "ஓடு, ஓடு, அஞ்சாம் நம்பர் மாமியார் கூப்பிடுறாங்க" என்று சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். ஒரு விஷயம் மட்டும் மெல்ல மாறியது. முன்பு கண்ணால் பார்த்தவர்கள் இப்போது காதால் பார்க்கப் பழகிவிட்டார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை. அதற்காகத்தான் மானிட்டர்.

அந்த வாரமே என் தங்கைக்கு ஏழாம் மாதத்தில் வலி வந்தது. அதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குக் கரு வயிற்றில் நிற்கவில்லை. இது நின்றது, ஆனால் பொறுமையில்லாமல் வந்துவிட்டது. மூன்றாம் தொட்டிலில் போட்டார்கள். என் தங்கை கண்ணாடி வழியாகப் பார்த்து, "கடுகு மாதிரி இருக்காண்ணா" என்றாள். அன்றிலிருந்து அவள் கடுகு. முதல் பத்து நாளில் கடுகு நான்கு தடவை மூச்சு விட மறந்தாள். நான்கு தடவையும் மாமியார் கத்தினாள், நர்ஸ் ஓடினார், காலைத் தட்டினார். பழைய நாளாக இருந்தால் கடுகு ஆறில் ஒன்றாகக் கிடந்திருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் சலவைக்கடை அம்மா இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

விழா நாள் கடுகுக்குப் பதினொன்றாம் நாள்.

தகடுகளை எடுத்துக்கொண்டு வந்தவர் மேனேஜர். உள்ளங்கை நீளத்துக்கு எட்டு எஃகுத் தகடுகள். பின்னால் தடித்த ஸ்பாஞ்சு டேப் ஒட்டியே வந்திருந்தது, உரித்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. எல்லாவற்றிலும் ஒரே வரி: பெயர் வைக்காத என் மகளுக்கு. ஏன் என்று யாரும் கேட்காத கேள்விக்கு அதில் பதில் இருந்தது.

நான் முதல் தகட்டை மானிட்டரின் பக்கவாட்டில் ஒட்டினேன். மேனேஜர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அங்க ஒட்டினா எந்த போட்டோவுல தெரியும்? முன்னாடி ஒட்டுப்பா."

"முன்னாடி எடம் எங்க சார் இருக்கு?"

"இதோ, திரைக்குக் கீழ. அளந்து வச்ச மாதிரி இருக்கு பாரு."

அளந்து வைத்த மாதிரிதான் இருந்தது. திரைக்குக் கீழே ஒரு சமதளம், அதில் முடிபோல மெல்லிய ஏழெட்டுக் கீறல்கள். சூடு வெளியேறும் வழி பின்பக்கம் இருப்பது எனக்குத் தெரியும். பழைய மானிட்டரில் ஒலிபெருக்கியும் பின்பக்கம்தான். ஆகவே இது வெறும் அழகுக்குப் போட்ட கோடு என்று என் கை முடிவு செய்துவிட்டது. கை என்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் மூளையைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்தான் அதன் விளக்கப் புத்தகத்தைப் படம் படமாகப் பார்த்திருந்தேன். முதல் தகட்டைப் பெயர்த்தேன், எட்டையும் முன்பக்கம் ஒட்டினேன், ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பச்சைச் சீட்டுகள் எட்டும் அப்படியே தொங்கின. ஒன்றையும் நான் கிழிக்கவில்லை.

விழா பத்தே நிமிடம். சலவைக்கடை அம்மா பேச மாட்டேன் என்றுவிட்டார். உயரமான, எலும்பு தெரியும் பெண், விரல் நுனிகளெல்லாம் வெந்நீரில் வெளுத்துப்போயிருந்தன. மூன்றாம் தொட்டில் முன்னால் வந்து தகட்டை ஒரு விரலால் தொட்டார்.

"நல்லா ஒட்டியிருக்கீங்க தம்பி. பேராது" என்றார். பிறகு கடுகைப் பார்த்தார். "இது எத்தன நாளு?"

"பதினொண்ணும்மா. என் தங்கச்சி பொண்ணு."

அவர் முகத்தில் என்னவோ போய் வந்தது. மேனேஜர் எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனபோது அவர் மட்டும் வராந்தாவில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மூன்றாம் தொட்டிலுக்கு நேராக நின்றுவிட்டார். வீட்டுக்குப் போகலையா என்று கேட்டேன். "கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேனே" என்றார்.

ஒரு மணிக்கு நர்ஸ்கள் வேலை மாறுவார்கள். ஒன்றேகாலுக்கு நான் பின்கட்டிடத்துக் கேன்டீனில் ரொட்டியைத் தேநீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். காலைப் பணி முடிந்த சின்ன சிஸ்டர் எதிரே வந்து உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

"இன்னைக்கு என்ன மாயம்னே தெரியலண்ணே. பிள்ளைங்க எட்டும் சமர்த்து. விழா முடிஞ்சதுலேர்ந்து ஒரு மாமியார்கூட வாயத் திறக்கல. வந்தவங்களுக்கு மரியாத குடுத்தாங்க போல."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

எட்டுக் குறைமாதப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் ஒரு தடவைகூட மறக்காமல் மூச்சு விடுவது நடக்காத காரியம். மணிக்கு நாலைந்து தடவை யாராவது ஒருவர் மறப்பார்கள். சத்தம் இல்லை என்றால் பிள்ளைகள் மறக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த ஏழெட்டுக் கீறல்கள் என் கண் முன்னால் வந்து நின்றன. அதன் பின்னால்தான் ஒலிபெருக்கி என்று விளக்கப் புத்தகத்தின் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயில் இருந்த ரொட்டியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"வார்டுக்குப் போன் போடு" என்றேன். "எல்லாப் பிள்ளையையும் பாக்கச் சொல்லு. இப்பவே."

அவள் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

கேன்டீனிலிருந்து வார்டுக்கு ஒரு முற்றம், ஒரு நீள வராந்தா, மூன்று மாடி. நூறு தடவை கருவிப் பெட்டியோடு நடந்த வழி அன்று முடிவதாக இல்லை. லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலி ஒன்று குறுக்கே நின்றது, படியில் ஏறினேன். கடுகு, கடுகு என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. எட்டுப் பிள்ளைகளும் என் கணக்கில்தான் இருந்தார்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் பொய் சொல்ல மாட்டேன். ஏறும்போது ஒரு பிள்ளைதான் என் கண்ணில் இருந்தாள்.

இரண்டாம் மாடி திரும்பும்போதே ஒரு சத்தம் கேட்டது. தட், தட், தட் என்று யாரோ எதையோ அடிக்கும் சத்தம்.

மூன்றாம் மாடி வராந்தாவில் சலவைக்கடை அம்மா இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது, குரல் வந்ததா என்று தெரியவில்லை. உள்ளே ஒரே ஒரு நர்ஸ், எட்டாம் தொட்டிலில் குனிந்து, ஒரு பிள்ளையின் தலைமுடியளவு நரம்பில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். கை விட முடியாத வேலை. வெளியே யாரோ பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டுத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, திரும்பாமலே இரும்மா, இரு என்று தலையை ஆட்டினாள். மற்றவர்கள் பக்கத்து அறையில் மருந்து அலமாரியை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் தொட்டிலின் திரை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

கை கழுவாமல், செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். திரையில் நாற்பத்தெட்டு என்று இருந்தது. தொண்ணூறு இருக்க வேண்டிய இடம். கிட்டே போன பிறகுதான் கேட்டது. மூடிய கைக்குள் மாட்டிக்கொண்ட கொசு மாதிரி, தகட்டுக்கு அடியில் ஒரு முனகல். மாமியார் கத்திக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாயை நான்தான் அடைத்திருந்தேன்.

கடுகின் உதடு நீலமாக இருந்தது. முகம் சாம்பல். வயிறு அசையவில்லை. நான் அந்த வார்டில் எத்தனையோ இயந்திரத்தைத் தொட்டிருக்கிறேன், ஒரு பிள்ளையைத் தொட்டதில்லை. கண்ணாடியில் கை விடும் வட்டக் கதவைத் திறந்து அவள் உள்ளங்காலைத் தட்டினேன். என் கட்டைவிரல் அவள் காலைவிடப் பெரிது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

"சிஸ்டர்!" என்று கத்தினேன்.

எட்டாம் தொட்டில் நர்ஸ் ஊசியை உருவிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னை இடித்துத் தள்ளிவிட்டு, குட்டி முகமூடியைக் கடுகின் வாயில் வைத்து, காற்றுப் பையை இரண்டு விரலால் அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். பக்கத்து அறையிலிருந்து பெரிய சிஸ்டர் ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டர். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நாற்பத்தாறு. ஐம்பது. ஐம்பது. ஐம்பது. அறுபத்தொன்று. எண்பது வரும்வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று எனக்குத் தெரியாது. பிறகு கடுகின் வயிறு தானாக ஒரு தடவை ஏறியது. நீலம் மெல்ல உதட்டிலிருந்து இறங்கியது.

"பொழச்சா" என்றாள் நர்ஸ். "ஆனா மாமியார் ஏன் கத்தல?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு மற்ற ஏழும் ஞாபகம் வந்தது.

"எட்டும் கத்தாது சிஸ்டர்" என்றேன். "காலைல நான் ஒட்டின தகடு சத்தத்த அடைக்குது. எட்டும் ஊமை."

பெரிய சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதற்கு அவருக்கு நேரமில்லை. வார்டில் நர்ஸ்கள் மூன்று பேர், தொட்டில்கள் எட்டு. அவர் அம்மாமார் அறைக் கதவைத் திறந்து, "எல்லாரும் கையக் கழுவிட்டு வாங்க. ஓடி வாங்க" என்றார்.

பச்சை உடம்புக்காரிகள் ஆறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என்ன, ஏது என்று கேட்க வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார்.

"அவங்கவங்க பிள்ள பக்கத்துல நில்லுங்க. வயிறு ஏறி எறங்குதா, அத மட்டும் பாருங்க. கண்ண எடுக்காதீங்க. நின்னா கத்துங்க."

ஏழாம் தொட்டில் பிள்ளையின் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், அங்கே ஒரு நர்ஸ் நின்றாள். ஆறாம் தொட்டில் பிள்ளையின் அம்மா இன்னும் கீழே அறுவை வார்டில் இருந்தாள். பெரிய சிஸ்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"அம்மா, நீங்களும் வாங்க."

"நான் வெளியாளு" என்றார் சலவைக்கடை அம்மா.

"கண்ணு இருக்குல்ல? வாங்க."

நான் கடுகின் மானிட்டரில் தொடங்கினேன். தகடு அசையவில்லை. நன்றாக ஒட்டியிருந்தேன். நகம் பிளந்தது, திருப்புளி வழுக்கியது. பக்கத்தில் என் தங்கை, தொட்டிலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கடுகு மூச்சு நின்று பிழைத்ததை யாரோ அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"இத யாருண்ணா ஒட்டினது?" என்றாள், தலையைத் திருப்பாமல்.

"நான்தான்மா."

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"பேசாத. எண்ணிட்டிருக்கேன்" என்றாள்.

அவள் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, முப்பத்தேழு, முப்பத்தெட்டு.

"நூல விட்டு அறுங்க தம்பி." ஆறாம் தொட்டிலிலிருந்து சலவைக்கடை அம்மா சொன்னார். கண் பிள்ளைமேலேயே இருந்தது. "துணியில ஒட்டின அட்டைய நாங்க அப்படித்தான் எடுப்போம். தகட்டுக்குப் பின்னால நூல விட்டு ரெண்டு பக்கமும் இழுங்க."

நர்ஸ் தையல் போடும் நூலை எடுத்துத் தந்தாள். தகட்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். ஸ்பாஞ்சு அறுந்து தகடு கையில் விழுந்தது. கீறல்களில் பிசுக்குப் பிசுக்காக ஸ்பாஞ்சு அடைத்திருந்தது. ஊசி முனையால் ஒவ்வொரு கீறலாகத் தோண்டினேன். ஒரு கீறலுக்கு மூன்று தடவை. கடைசியில் கடுகின் காலிலிருந்து பட்டையை ஒரு கணம் கழற்றினேன். மாமியார் வார்டே அதிரக் கத்தினாள். என் தங்கை திடுக்கிட்டுப் பின்னால் போனாள், பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எண்ணினாள்.

பழைய பச்சைச் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தொட்டிலுக்குப் போனேன்.

நாலு, எட்டு, ஒன்று முடிந்தது. ஐந்தில் கைவைத்திருக்கும்போது இரண்டாம் தொட்டிலில் ஓர் அம்மா கத்தினாள். "ஏறல! சிஸ்டர், வயிறு ஏறல!" அந்தத் திரையும் அப்போதுதான் சிவந்தது, சத்தமில்லாமல். பெரிய சிஸ்டர் ஒரு தாவில் போய் உள்ளங்காலைத் தட்டினார். பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி. பாரு" என்றார் பெரிய சிஸ்டர். அவள் எழுந்து பார்த்தாள். எனக்குக் கையில் இருந்த நூல் எது, விரல் எது என்று தெரியவில்லை.

அந்த அரைமணி நேரமும் எட்டு ஜோடிக் கண்கள் எட்டு வயிறுகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மானிட்டராக வாய் திறந்து கத்தும்போது மட்டும் எல்லோரும் ஒரு தடவை மூச்சு விட்டார்கள்.

டாக்டர் இதற்குள் கடுகின் மானிட்டரில் பதிவாகியிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். காலையிலிருந்து அவள் இரண்டு தடவை மறந்து, தானாகவே நினைவு வந்து மூச்சு விட்டிருக்கிறாள். மூன்றாவது தடவைதான் நினைவு வரவில்லை. திரை சிவந்ததிலிருந்து நான் கதவைத் திறந்த நேரம் வரை ஐம்பத்திரண்டு நொடி. தகடு ஒட்டிய பிறகு எட்டு மானிட்டரும் சேர்த்துப் பதினாறு தடவை கத்தியிருந்தன. பதினாறில் ஒன்றுகூட யார் காதிலும் விழவில்லை.

"கையப் பிடிக்கிறா, கண்ணு முழிக்கிறா" என்றார் டாக்டர் என் தங்கையிடம். "தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம். பயப்படுற மாதிரி தெரியல."

தெரியல என்ற வார்த்தையை என் தங்கையும் நானும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஆறாம் தொட்டில். சலவைக்கடை அம்மா அங்கேயே நின்றிருந்தார். கண்ணாடியை அடித்ததில் உள்ளங்கைகள் சிவந்து வீங்கியிருந்தன. நான் நூலைத் தகட்டுக்குப் பின்னால் விட்டேன்.

"எல்லாத்தையும் ஏன் எடுக்குறீங்க தம்பி?" என்றார். "என்ன ஆச்சுன்னு யாரும் எங்கிட்ட சொல்லல."

சொல்லாமல் விட்டிருக்கலாம். மேனேஜர் வாசலில் வந்து நின்று, வேண்டாம், வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இருந்த இரண்டு கடையில் ஒன்றை விற்று வாங்கிக் கொடுத்தவரிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"சத்தம் வர்ற எடத்துல தகடு ஒட்டியிருந்துச்சும்மா. அதான் எதுவும் கேக்கல."

அவர் அப்போதும் பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் தொட்டில் விளிம்பைப் பிடித்திருந்த கை இறுகியது.

"அப்ப என் பொண்ணா அது வாயப் பொத்தினா?"

"இல்லம்மா" என்றேன். "நான்தான்மா பொத்தினேன். ஒட்டினப்புறம் ஒரு தடவ சோதிச்சிருக்கணும். சோதிக்கல. உங்க பொண்ணு இல்லம்மா. நான்தான்."

மேனேஜர் போய்விட்டார். நான் நூலை இழுத்தேன். எட்டாவது தகடு கழன்று வந்தது. அதைக் கீழே வைக்க மனசு வராமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டி வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டார்.

"அவளும் இங்கதான் கெடந்தா" என்றார். "அந்த மூலைல. பதினோராம் நாள். ஒரு மிஷின்தான் அப்ப, அத வேற பிள்ளைக்கு மாட்டியிருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து வயித்தையே பாத்துட்டிருந்தேன். ராவெல்லாம் பாத்தேன், பகலெல்லாம் பாத்தேன். ஒரு நிமிஷம் கண்ணசந்தேன். ஒரே நிமிஷம் தம்பி." கொஞ்சம் நிறுத்தினார். "அழக்கூடத் தெம்பில்லாம கெடந்தா. பொறந்ததுலேர்ந்து அவ ஒரு தடவகூட அழல. அவ கொரல் எப்படின்னே எனக்குத் தெரியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியால் கீறல்களைத் தோண்டினேன். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, "இப்ப சோதிக்கணும்மா. பட்டையக் கழட்டுவேன். கத்தும், பயப்படாதீங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

பட்டையைக் கழற்றினேன். திரை சிவந்தது. மானிட்டர் கத்தியது, மற்ற ஏழையும்விடச் சத்தமாக, பிடிவாதமாக. தொட்டிலுக்குள் பிள்ளை முகத்தைச் சுளித்துக் கையை உதறியது. பெரிய சிஸ்டர் எட்டி அதை நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தார்.

சலவைக்கடை அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் முதல்முறையாக அவர் கண் பிள்ளையின் வயிற்றை விட்டு விலகி, தகடு இருந்த இடத்தைப் பார்த்தது.

"நிறுத்தாதீங்கம்மா" என்றார். "கொஞ்ச நேரம் கத்தட்டும்."